பதினோராவது காப்பிக் கடை

எங்கள் பக்கம் டீ விற்றாலும் காப்பிக் கடை என்றுதான் சொல்வோம். நான் சிவகாசியில் இரண்டு காப்பிக் கடை வைத்தவள். ஒன்று ஊற்றி மூடிவிட்டது. இன்னொன்று இன்றைக்கும் நடக்கிறது. இரண்டிலும் அதே பால், அதே தூள், போட்டது இதே கை. இடம்தான் வேறு. காப்பியில் என்ன ருசி, எந்த ஊர்க் கொட்டை என்று பேசுகிறவர்களைக் கண்டால் எனக்குச் சிரிப்பு வரும். தேவாமிர்தமாகவே போட்டாலும் இடம் தப்பினால் நீங்களே குடித்துத் தீர்க்க வேண்டியதுதான்.

வியாபார ஆசையில் நான் கடை வைக்கவில்லை. என் வீட்டுக்காரர் பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து கலக்குகிறவர். பட்டாசில் திரி வைப்பது, குழாய் உருட்டுவது, பெட்டி போடுவது என்று எத்தனையோ வேலை உண்டு. நானே பன்னிரண்டு வருஷம் பெட்டி போட்டவள். ஆனால் மருந்து கலக்குவது வேறு சங்கதி. வெயில் ஏறுவதற்குள் அன்றைக்கு வேண்டிய மருந்தைக் கலந்து சலித்துக் கொடுத்துவிட வேண்டும். அந்த ரூமில் ஆள் குறைவு, கூலி கூட. ஏன் கூட என்று எங்கள் ஊரில் யாரும் கேட்பதில்லை.

அவர் கம்பெனி வேன் ஏறிப் போனதிலிருந்து பத்து மணி வரைக்கும் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். பத்துக்குள் மருந்து ரூம் சோலி முடிந்துவிடும். ரோட்டில் லாரி டயர் வெடித்தால்கூடப் போட்டது போட்டபடி வாசலுக்கு ஓடி வருவேன். ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே சொல்லிவிட்டேன்.

"இந்தச் சோலி வேண்டாம். விட்டுருங்க."

"விட்டுட்டு என்னத்தத் திங்க?"

"நான் ஒரு காப்பிக் கடை போடுதேன்."

அவர் சிரித்தார். பிறகு நான் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்துவிட்டு, "சரி புள்ள. ஒன் கடை ஓடட்டும். அன்னைக்கே நிப்பாட்டிருதேன்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் கடை.

காலண்டர் அடிக்கும் பிரஸ்கள் வரிசையாக இருக்கிற தெருவில் ஓர் இடம் கிடைத்தது. அந்தத் தெருவுக்கு வெளியூர்க்காரர்கள் காரில் வந்து இறங்குவார்கள். காலண்டர், டைரி, கல்யாணப் பத்திரிகை என்று ஆர்டர் கொடுத்துவிட்டு, மாதிரி பார்க்க மணிக்கணக்காகக் காத்துக் கிடப்பார்கள். அவ்வளவு பெரிய தெருவில் காப்பிக் கடை ஒன்றுகூடக் கிடையாது. எனக்கு வாயெல்லாம் பல். இம்புட்டு நாளாக ஒருத்தருக்கும் இந்தப் புத்தி வரவில்லையே என்று ஊரில் உள்ள காப்பிக் கடைக்காரர்கள் அத்தனை பேரையும் மட்டமாக நினைத்தேன். பத்துப் பேருக்கு வராத புத்தி நமக்கு மட்டும் வந்தால் அது புத்திதானா என்று நின்று யோசித்திருக்க வேண்டும். எங்கே யோசித்தேன்!

கார்க்காரர்கள் வருகிற கடை அல்லவா? சுவருக்கு வெள்ளை டைல்ஸ் ஒட்டினேன். பித்தளை டபரா செட் வாங்கினேன். நாலு நாற்காலி, ஒரு மின்விசிறி, மேசைமேல் பிளாஸ்டிக் பூ. கடை திறந்த அன்றைக்கு நானே என்னை மெச்சிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு ஈ ஓட்டினேன். கார் வரும், ஆள் இறங்குவார், என் கடையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் பிரஸ் ஆபீசுக்குள் போய்விடுவார். அரைமணி கழித்து அந்த ஆபீசில் வேலை பார்க்கும் பெரியவர் ஒருவர் கையில் பிளாஸ்குடன் வெளியே வருவார். என் கடையைத் தாண்டி, தெருவைத் தாண்டி எங்கேயோ போய்க் காப்பி வாங்கிக்கொண்டு, மறுபடியும் என் கடையைத் தாண்டிக்கொண்டே உள்ளே போவார். ஒருநாள், இரண்டு நாள் பொறுத்தேன். என் காப்பிதான் சரியில்லையோ என்று தூளைக் கூட்டினேன், தண்ணீரைக் குறைத்தேன். கடைசியில் பொறுக்க முடியாமல் அந்தப் பெரியவரை மறித்துக்கொண்டு நின்றேன்.

"ஏண்ணே, இங்கன ஒருத்தி கடை போட்டு உக்காந்திருக்கது கண்ணுக்குத் தெரியலையா?"

"தெரியுது தாயி. மொதலாளிக்கு அவுக அப்பா காலத்துல இருந்து அந்தக் கடைதான். மாத்த மாட்டாக."

"சரி, வந்தவுக இறங்கி வந்து குடிக்கலாம்ல?"

பெரியவர் என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் மறக்க முடியாது. "என்ன பேச்சு பேசுத நீ? ஆர்டர் குடுக்க வந்த பார்ட்டிய வெளிய விட்டுக் காப்பி குடிக்க வச்சா மொதலாளி மூஞ்சிய எங்கன கொண்டு வைப்பாக? அதுவும் போக, வெளிய வந்த பார்ட்டி திரும்பி நம்ம ஆபீசுக்கே வருவாருன்னு என்ன நிச்சயம்? பக்கத்துப் பிரஸ்காரன் கையப் புடிச்சு இழுத்துட்டுப் போயிருவான்!"

அவ்வளவுதான் விஷயம். அந்தத் தெருவில் வந்தவர் காசு கொடுத்துக் காப்பி குடிப்பது என்பதே கிடையாது. குடிக்க விடமாட்டார்கள். உட்கார்ந்த இடத்துக்கு வரும், ஊருக்குப் போகிற வரைக்கும் வந்துகொண்டே இருக்கும். இது தெரிய வேண்டுமானால் ஒருதரமாவது அந்த ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும். நானோ வேனில் போய் வேனில் வந்தவள். ஆபீஸ் கதவைத் தாண்டி உள்ளே என்ன நடக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்? ஆழம் தெரியாமல் காலை விட்டது என் தப்பு.

மிஷின் ஓட்டுகிறவர்களாவது வந்திருக்கலாம். அவர்கள் மை அப்பிய கையோடு கடை வாசல் வரை வந்து, உள்ளே டைல்ஸைப் பார்த்துவிட்டு, "இது நமக்கு இல்ல" என்று லாரி செட்டுப் பக்கம் போய்விட்டார்கள். அங்கே ஒரே வரிசையில் ஆறு கடை. பொங்கல் முடிந்ததும் ஆர்டர் சீசனும் முடிந்தது. கார்களும் நின்றுபோயின. தெருவில் நானும் பிளாஸ்டிக் பூவும்தான்.

கடையை மூடிய அன்று வீட்டுக்காரர் என்னைத் திட்டவில்லை. "டைல்ஸை உரிச்சு நம்ம வீட்டு அடுப்படியில ஒட்டிருவமா?" என்று கேட்டார். கையில் இருந்த கரண்டியை அவர்மேல் வீசினேன். கேலி பண்ணினதற்காக இல்லை. மறுநாள் காலையில் அவர் மறுபடி வேன் ஏறுவாரே என்ற ஆத்திரம். ஏறினார்.

அதற்குப் பிறகுதான் கண்ணைத் திறந்துகொண்டு ஊரைச் சுற்றினேன். எங்கெங்கே கடைகள் கும்பலாக இருக்கின்றன என்று பார்த்தேன். பஸ் ஸ்டாண்டில் இருக்கும், அது குழந்தைக்கும் தெரியும். லாரி செட்டில் லோடு ஏறும் வரைக்கும் டிரைவர்களுக்குச் சோலி கிடையாது, அதனால் அங்கே ஆறு. உடம்பு முடியாமல் கிடந்த சித்தி மகளைப் பார்க்க விருதுநகருக்குப் போனேன். ஆஸ்பத்திரிக்கு எதிரே தோளோடு தோள் உரசிக்கொண்டு கடைகள். பின்பக்கத் தெருவில் மாடி வீடுகள், காசுள்ள ஜனம், ஒரு கடை கிடையாது. கலெக்டர் ஆபீசில் மனுக் கொடுக்கிற திங்கட்கிழமை பார்க்க வேண்டும், கால் வைக்க இடமிருக்காது. இருக்கன்குடி அம்மனுக்கு நடந்து போகிறவர்களுக்காக ரோட்டோரத்தில் முளைக்கிற கடைகளும் ஒற்றையாக முளைப்பதில்லை, நாலைந்தாகத்தான் முளைக்கும். வீட்டில் இருக்கிறவர்கள் வீட்டில் குடித்துக்கொள்வார்கள். எதற்காவது, யாருக்காகவாவது காத்து நிற்கிறவர்கள்தான் கடையில் குடிக்கிறார்கள். இது புரிய எனக்கு ஒரு கடை செலவாயிற்று.

அந்த வகையில் பார்த்தால் எங்கள் ஊரிலேயே பெரிய கும்பல் வேன்கள் நிற்கிற ரோட்டு முனையில், வேன் முக்கில்தான். சுற்றுப்பட்டி ஜனம் எல்லாம் காலையில் அங்கே வந்து நின்றுதான் கம்பெனி வேன் ஏறும். சாயங்காலம் அங்கேதான் இறங்கும். அடி கூறு கெட்டவளே, பன்னிரண்டு வருஷம் நீயே அங்கே நின்று காப்பி குடித்தவள்தானே என்று என் தலையிலேயே அடித்துக்கொண்டேன்.

அப்போது அங்கே பத்துக் கடை. அந்த முக்கில் மட்டும் ஏன் பத்து? வேன் திரும்புவதற்கு ரோடு அகலம். டிரைவருக்கு எல்லாக் கடையிலும் ஓசிக் காப்பி. அவர் எந்தக் கடை வாசலில் பிரேக் போடுகிறாரோ அந்தக் கடைக்கு முப்பது பேர். கம்பெனிக்குள் அடுப்புக் கிடையாது, பீடி கிடையாது, தீப்பெட்டி கிடையாது. ஆக, உள்ளே போவதற்கு முன் கடைசிச் சூடும் வெளியே வந்ததும் முதல் சூடும் இந்த முக்கில்தான்.

இதையெல்லாம்விடப் பெரிய காரணம் ஆண்களுக்குத் தெரியாது. ஒற்றைக் கடை வாசலில் நாலு ஆம்பளைகள் பேப்பர் படித்துக்கொண்டிருந்தால் ஒரு பொம்பளை நின்று காப்பி குடிப்பாளா? மாட்டாள். பத்துக் கடை வாசலில் நூறு பொம்பளைகள் நின்றால் அவளும் நிற்பாள், சிரித்துப் பேசுவாள், இன்னொரு வடை கேட்பாள். பிறகு தண்ணீர். அந்த முக்கில் ஒரு பொதுக்குழாய் உண்டு. பட்டாசு மருந்தில் சேர்க்கிற வெள்ளித் தூள் கையில் பட்டால் லேசில் போகாது. கம்பெனியில் தொட்டி இருந்தாலும், வேன்காரர் ஹார்ன் அடித்தால் பாதி கழுவின கையோடு ஓடி வருவோம். அந்தக் கையோடு கிளாசைத் தொட மனசு வராது. முதலில் குழாய், அப்புறம்தான் காப்பி.

பதினோராவது கடைக்கு அங்கே இடம் கேட்கப் போனபோது விரட்டியடிப்பார்கள் என்றுதான் நினைத்தேன். கடைசிக் கடைக்காரர் ஆற்றிக்கொண்டிருந்த டீயை நிறுத்தாமலே சொன்னார், "போடு தாயி. தனிமரம் தோப்பாகாது. கடை கூடுனா வேன் கூடும். ஆனா ஒண்ணு, வெள்ள டைல்ஸ் மட்டும் ஒட்டிராத." பத்துக் கடையும் சிரித்தது. என் கதை எனக்கு முன்னாலேயே அங்கே வந்து சேர்ந்திருந்தது. எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனாலும் இடம் கொடுத்த மகராசன், வாயை மூடிக்கொண்டேன்.

தகரக் கூரை, ஒரு பலகை, கண்ணாடி கிளாஸ். புதுசாக நான் செய்தது ஒன்றே ஒன்று. கடை முன்னால் ஒரு டிரம் நிறையத் தண்ணீர் பிடித்து வைத்து, துணிச் சோப்பு ஒன்றைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டேன். குழாயடியில் வரிசை நிற்க வேண்டாம் பாருங்கள். கை கழுவ வந்தவர்கள் கழுவின கையோடு என்னிடமே காப்பி வாங்கினார்கள். மூன்றாம் மாதம் ஒரு பால் சட்டி இரண்டாயிற்று. கடை ஓடியது.

அவர் நிப்பாட்டவில்லை.

"தீவாளி ஆர்டர் முடியட்டும் புள்ள" என்றார். தீபாவளி முடிந்தது. "வடநாட்டு ஆர்டர் நிக்கி, மொதலாளி கையப் புடிச்சுக் கேக்காக" என்றார். அதுவும் முடிந்தது. "கல்யாண சீசனு" என்றார்.

"எந்தச் சீசன் முடிஞ்சா ஒங்க சீசன் முடியும்?" என்று கத்தினேன். "குடுத்த வாக்கு என்னாச்சு?"

"எனக்குக் கை பழகிருச்சு புள்ள. நான் நிதானமாத்தான் கலக்குதேன். பயப்படாத."

கை பழகாதவனை மருந்து ரூமுக்குள் விடுவார்களா? போனவர்கள் எல்லாரும் கை பழகினவர்கள்தான். இதை நான் சொன்னால் அவர் சட்டையை மாட்டிக்கொண்டு எழுந்துவிடுவார். நாங்கள் இரண்டு பேரும் விடியும் முன்னே ஒன்றாகத்தான் முக்குக்கு வருவோம். நான் அடுப்பு மூட்டுவேன். முதல் காப்பி அவருக்கு. குடித்துவிட்டு என் கண்முன்னாலேயே வேன் ஏறிப் போவார். அவரை நிறுத்துவதற்காக வைத்த கடையிலிருந்தே அவரை வழியனுப்பிக்கொண்டிருந்தேன். எவ்வளவு எரிச்சலாக இருக்கும், நினைத்துப் பாருங்கள்.

பிறகு அந்த நாள். மணி ஒன்பதைத் தாண்டியிருக்கும். சத்தம் கேட்டது, தகரக் கூரை ஒருதரம் அதிர்ந்தது. டயர் இல்லை. பதினோரு கடையிலும் அடுப்பை அணைத்தார்கள். யாரும் யாருக்கும் சொல்லவில்லை, கை தானாகப் போயிற்று. வடக்கே புகை தெரிந்தது. அந்தப் பக்கம் எத்தனையோ கம்பெனி. அவருடையதும் அந்தப் பக்கம்தான்.

கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. அதனால் யாரையும் கூப்பிட்டுக் கேட்க முடியாது. சுற்றுப்பட்டியில் இருந்து ஜனம் வந்தது. பைக்கில், ஆட்டோவில், தலைவிரி கோலமாக ஓடி. யாரும் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை, கம்பெனிக்கும் போகவில்லை. முக்குக்குத்தான் வந்தார்கள். வேன் வந்தால் இங்கேதானே வந்தாக வேண்டும். என் கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்த யாரும் காப்பி கேட்கவில்லை. நானும் கடைக்காரியாக நிற்கவில்லை. வரிசையில் நானும் ஒருத்தி. இருக்கன்குடி அம்மனுக்கு என்னென்னமோ நேர்ந்துகொண்டேன். எதை நேர்ந்தேன் என்று பிறகு நினைவில்லை, மொத்தமாகப் போய்ச் செய்துவிட்டு வந்தேன்.

முதல் வேன் வந்தது, அவர் இல்லை. இரண்டாவது வந்தது, இல்லை. மூன்றாவதில் இருந்து இறங்கினார். வெடித்தது வேறு கம்பெனி. எல்லாக் கம்பெனியிலும் வேலையை நிறுத்தி ஆட்களை அனுப்பிவிட்டார்கள். இறங்கினவர் எப்போதும்போல டிரம்மைப் பார்த்துப் போய்க் கையைக் கழுவ ஆரம்பித்தார். எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது, கழுவிக்கொண்டிருந்தவரை முதுகில் அறைந்தேன். ஊர் பார்க்க அறைந்தேன்.

"நாளைக்கு நீங்க வேன் ஏறுனா, நானும் கடையத் தூக்கிப் போட்டுட்டு அதே வேன்ல ஏறுவேன். ஒங்க ரூமுக்கே வருவேன். போனா ரெண்டு பேரும் போவோம். சொல்லிட்டேன்!"

அவர் சோப்பு நுரையோடு என்னைப் பார்த்தார். நான் சொன்னால் செய்வேன் என்று அவருக்குத் தெரியும். "சரி" என்றார். அதற்குப் பிறகு வந்த ஒரு வேன் ஆள் குறைந்து வந்தது. அந்த வேனுக்காகக் காத்திருந்தவர்களைப் பற்றி நான் எழுதப் போவதில்லை.

மறுநாள் வேன்காரர் ஹார்ன் அடித்தார். "இனிமே அவரு வரமாட்டாரு" என்று நான்தான் போய்ச் சொன்னேன். என் வீட்டுக்காரர் குனிந்த தலை நிமிராமல் பால் காய்ச்சிக்கொண்டிருந்தார்.

காப்பி போடுவதில் அவருக்குக் கை பழகவில்லை. எல்லாக் காப்பியிலும் சர்க்கரையைக் கொட்டுவார். "ஏண்ணே, இது காப்பியா பாயாசமா?" என்று பொம்பளைகள் கேலி பண்ணுவார்கள். எனக்கோ அந்தப் பாயாசத்தைப் பார்க்கப் பார்க்கச் சந்தோஷம். பத்து மணி வரைக்கும் கடிகாரம் பார்ப்பது நின்றது. இப்போது எங்கள் முக்கில் பதினோரு கடைக்கும் ஆள் வருகிறது. கடைசிக் கடைக்காரர் சொன்ன மாதிரியே வேனும் கூடிவிட்டது.

மருந்து ரூமில் என் வீட்டுக்காரர் இடத்துக்குப் புதிதாக ஒருத்தரைப் போட்டிருந்தார்கள். முப்பது வயதிருக்கும், கலகலப்பான ஆள். அதே வேன்தானே, வேன் ஏறுமுன் எங்கள் கடையில்தான் குடிப்பார். முதல் நாளே என் வீட்டுக்காரரிடம், "ஒங்க ரூம்லதாண்ணே போட்டிருக்காக" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். என் வீட்டுக்காரர் கழுவின கிளாஸ்களையே எடுத்து மறுபடி கழுவினார். நான் இவரை இறக்கினேன், அந்த இடத்தில் இன்னொருத்தர் ஏறினார். அவர் ஏறுவதால்தான் வேன் வருகிறது, வேன் வருவதால்தான் என் கடை. இதை நினைத்தால் சோறு இறங்காது. நினைக்காமல் இருக்கப் பழகிக்கொண்டிருந்தேன்.

போன வாரம் வேன் போனபின் ஒரு பெண் கடைக்கு வந்தாள். இடுப்பில் கைக்குழந்தை. காப்பி கேட்கவில்லை. வேன் போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றாள். யார் என்று கேட்டேன். அந்தப் புது ஆளின் பெண்சாதி.

"யக்கா, இந்த வரிசையில இன்னொரு கடைக்கு எடம் கெடைக்குமா?" என்றாள். "கடை ஓடுனா நிப்பாட்டிருதேன்னு சொல்லியிருக்காக."

"எடம் இருக்கு தாயி. வா" என்றேன்.

அவள் முகம் மலர்ந்துவிட்டது. குழந்தையை அடுத்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, "கடை ஓடி, அவுக நிக்க எம்புட்டு நாளாகும்க்கா?" என்று கேட்டாள்.

"சீக்கிரம் ஆயிரும்" என்றேன். எனக்கு இரண்டு வருஷம் ஆனது.